வெர்டிகோ பேக்கேஜ்: எந்தச் சோதனை உட்செவியின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது, எதற்குக் காசு கொடுக்கலாம்

தலைசுற்றல் என்று போனால், பெரிய ஊர்களின் காது மூக்கு தொண்டை மையங்களில் 'வெர்டிகோ பேக்கேஜ்' என்றோ 'பேலன்ஸ் டெஸ்ட்' என்றோ ஐந்தாறு சோதனைகளை ஒன்றாகக் கட்டித் தருகிறார்கள். கேமரா வைத்த கண்ணாடி, காதுக்குள் வெந்நீர், கழுத்தில் ஒட்டும் மின்முனை என்று எல்லாம் உண்டு. கடைசியில் கையில் வருவது பல பக்க அறிக்கை, அதன் அடியில் 'இடது பக்க வெஸ்டிபுலர் பலவீனம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம் என்பதற்காகத்தான் இந்த விமர்சனம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொகுப்பிலேயே அதிகப் பலன் தரும் பகுதி எந்த மின்கருவியும் இல்லாமல் ஒரு கட்டிலில் ஐந்து நிமிடத்தில் முடியும் படுக்கைச் சோதனை. அதை முதலில் செய்யும் மையம் நல்ல மையம். அதைச் செய்யாமல் நேராகக் கருவிக்கு அழைத்துப் போகும் மையத்தில், கருவி எவ்வளவு புதிதாக இருந்தாலும், காசு வீணாகும் வாய்ப்பு அதிகம். மற்றச் சோதனைகள் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் எல்லாச் சோதனையும் தேவைப்படுவதில்லை.

காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு உட்செவியிலும் சமநிலைக்கென்று 5 உணர்விடங்கள் உண்டு. தலை திரும்புவதை அறிய மூன்று அரைவட்டக் குழல்கள்: கிடை, முன், பின். தலை சாய்வதையும் நேர்கோட்டில் வேகமெடுப்பதையும் அறிய யூட்ரிக்கிள், சாக்யூல் என்ற இரண்டு பைகள். இரு காதும் சேர்த்து 10. தொகுப்பில் உள்ள எந்தச் சோதனையும் தனியாக இந்த பத்தையும் பார்ப்பதில்லை. ஆகவே 'சமநிலை உறுப்பு நார்மல்' என்று ஒரே சோதனையை வைத்து எழுதினால் அந்த வாக்கியமே பிழை.

குழல் வேலை செய்யும் விதம் எளிமையானது. உள்ளே நீர் இருக்கிறது. குழலின் ஒரு முனை புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் குறுக்கே குப்புலா என்ற கூழ்த்திரை நிற்கிறது. தலையைத் திருப்பினால் எலும்பும் திரையும் உடனே திரும்பும், நீர் மட்டும் சற்றுப் பின்தங்கும். அந்த நீர் தள்ளுவதில் திரை வளைகிறது. திரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்முடிகளும் வளைகின்றன. ஒரு பக்கம் வளைந்தால் நரம்புத் துடிப்பு கூடும், மறுபக்கம் வளைந்தால் குறையும். தலை அசையாமல் இருக்கும்போதும் இந்த நரம்பு சும்மா இருப்பதில்லை, வினாடிக்கு ஏறத்தாழ 70 முதல் 100 முறை துடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கூடுவதைப் போலவே குறைவதும் ஒரு செய்தியாகிறது. வலது கிடைக்குழல் கூடும்போது இடது கிடைக்குழல் குறைகிறது. வலது முன்குழலுக்கு ஜோடி இடது பின்குழல். இடது முன்குழலுக்கு வலது பின்குழல். மூளை பார்ப்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். ஒரு காது திடீரென்று செயலிழந்தால் மற்றக் காதின் இயல்பான துடிப்பே 'தலை சுற்றுகிறது' என்று மூளைக்குப் படுகிறது. ஆடாமல் படுத்திருப்பவருக்கும் அறை சுற்றுவது இப்படித்தான்.

சிறுபிள்ளைகள் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்தால் மீதி புரியும். ஒரே வேகத்தில் சுற்றச் சுற்ற நீர் குழலோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும், திரை சில வினாடிகளில் நிமிர்ந்துவிடும். சட்டென்று நின்றால் நீர் மட்டும் தொடர்ந்து ஓடி, திரையை எதிர்ப்பக்கம் வளைக்கும். நின்ற பிள்ளைக்கு உலகம் சுற்றும். குழல் காட்டுவது வேகம் மாறுவதை. மாறாத வேகம் அதற்குத் தெரியாது. பின்னால் வரும் சோதனைகளின் வரம்பை விளங்கிக்கொள்ள இந்த ஒன்று மிக முக்கியம்.

குழல்களில் இருந்து கண் தசைக்குப் போகும் பாதை மிகக் குறுகியது. தலை வலப்பக்கம் திரும்பியதும் நூறில் ஒரு பங்கு வினாடிக்குள் கண் இடப்பக்கம் நகரத் தொடங்கிவிடும். நடந்துகொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால். காதுக்குள் நேரடியாக எட்டிப் பார்க்க வழியில்லை என்பதால் மையத்தில் எல்லோரும் கண்ணையே பார்க்கிறார்கள். கண் மெதுவாக ஒரு பக்கம் நழுவி, வெடுக்கென்று திரும்பி வரும் விழியாட்டத்துக்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர். அறிக்கையில் அதிகம் வரும் சொல் இதுதான். ஆட்டத்தின் திசையை வெடுக்கென்று திரும்பும் பக்கத்தை வைத்துக் குறிப்பார்கள்; காதின் கோளாறைக் காட்டுவதோ மெதுவாக நழுவும் பகுதி.

முதலில் கட்டில்

படுத்தால், புரண்டால், மேல் அலமாரியைப் பார்க்க அண்ணாந்தால் சில வினாடிகள் சுற்றி நின்றுவிடுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் பி.பி.பி.வி., அதாவது 'காதுக்குள் கல் நகர்ந்துவிட்டது' என்று மக்கள் சொல்லும் நிலை. கல் என்பது சரியான சொல்தான். யூட்ரிக்கிளின் கூழ்ப்படுக்கையின் மேல் கால்சியம் கார்பனேட் நுண்துகள்கள் பதிந்திருக்கின்றன, சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். அவை நீரைவிடக் கனமானவை என்பதால்தான் தலை சாய்ந்தால் கூழ்ப்படுக்கை சரிந்து நமக்குத் தெரிகிறது. அந்தத் துகள்கள் கழன்று குழலுக்குள், பெரும்பாலும் தாழ்வாக இருக்கும் பின்குழலுக்குள், விழுந்துவிட்டால் படுக்கும்போதெல்லாம் உருண்டு நீரைத் தள்ளும். தலை நின்ற பின்னும் திரை வளைந்தபடி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை 1952-இல் விவரிக்கப்பட்டது. உட்கார்ந்தபடி தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கட்டில் மட்டத்துக்குக் கீழே 20 டிகிரி தொங்கும்படி பிடிக்க வேண்டும். கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். சில வினாடி தாமதித்து, கீழ்க்காதை நோக்கிச் சுழன்றுகொண்டே மேல்நோக்கித் துடிக்கும் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அந்தப் பக்கப் பின்குழல் என்று முடிவு. எழுப்பி உட்காரவைத்தால் ஆட்டம் திசை மாறும்.

மையங்களில் இது கெடும் இடங்கள் மூன்று. படுக்கவைத்து ஐந்து வினாடியில் 'ஒன்றுமில்லை' என்று எழுப்பிவிடுவது முதலாவது. துகள் உருளத் தொடங்கவே நேரம் வேண்டும், அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தலைக்கு அடியில் தலையணை வைத்தே செய்வது இரண்டாவது. அதில் பின்குழல் சரியான செங்குத்துக்கு வராது. மூன்றாவது, பின்குழலை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது. கிடைக்குழலுக்குள் விழுந்த துகளுக்கு, மல்லாக்கப் படுத்து தலையை இரு பக்கமும் 90 டிகிரி புரட்டும் தனிச் சோதனை வேண்டும். அதில் ஆட்டம் கிடைவாக வரும், பெரும்பாலும் இரு பக்கமும் வரும், எந்தப் பக்கம் வலுவாக இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

சோதனை பாசிட்டிவ் என்றால் அதே கட்டிலில் எப்லி முறை. ஜான் எப்லி 1992-இல் வெளியிட்டது. வலப்பக்கக் கோளாறு என்றால் தொங்கிய நிலையிலிருந்து தலையை இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி, பிறகு உடலையும் இடப்பக்கம் சாய்த்து மூக்கு தரையைப் பார்க்கும் அளவுக்கு இன்னொரு 90 டிகிரி, பிறகு முகவாயைத் தாழ்த்தியபடி எழுந்து உட்காருதல். ஒவ்வொரு நிலையிலும் ஆட்டம் அடங்கும்வரை, குறைந்தது 30 வினாடி. இதற்கு மருந்தும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். பெரும்பான்மையோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரியும். முடித்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கு, கழுத்துப்பட்டை போடு என்று சொல்லும் பழைய வழக்கம் தேவையில்லை என்று 2017-இல் வந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டியும் சொல்கிறது. பி.பி.பி.வி. உறுதியான பிறகும் மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை எழுதிக்கொண்டே போவது அதே வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லும் இன்னொன்று. மாத்திரை துகளை நகர்த்தாது.

கேமராக் கண்ணாடி: வி.என்.ஜி.

இருட்டில் கண்ணைப் படம்பிடிக்கும் அகச்சிவப்புக் கேமரா வைத்த கண்ணாடி இது. ஏன் இருட்டு வேண்டும்? ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால் மூளை காதிலிருந்து வரும் விழியாட்டத்தை அடக்கிவிடும். வெளிச்சமான அறையில் வெறும் கண்ணால் பார்த்து 'நிஸ்டாக்மஸ் இல்லை' என்று எழுதப்பட்ட பலருக்கு, கண்ணாடியை மூடியதும் ஆட்டம் தெரியும். தொகுப்பில் உள்ள கருவிகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது இதுதான். படுக்கைச் சோதனையையும் இதைப் போட்டுக்கொண்டே செய்தால் பதிவு கையில் இருக்கும்.

இதன் பெயரில் செய்யப்படும் புள்ளியைத் தொடர்தல், புள்ளி தாவுதல் போன்றவை காதைப் பார்ப்பவை அல்ல. அவை மூளைத்தண்டையும் சிறுமூளையையும் பார்க்கின்றன. அவசியமானவைதான், ஆனால் அந்தப் பக்கங்களில் 'நார்மல்' என்றிருந்தால் காது நார்மல் என்று பொருளில்லை.

கண் மை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கருவி பாவையைக் கருப்பு வட்டமாகத் தேடுகிறது. இமையோர மையையும் மஸ்காராவையும் பாவை என்று பிடித்துக்கொண்டு வரைகோடு தாறுமாறாகும். முந்தைய நாளே நன்றாகத் துடைத்துவிட வேண்டும். பூசிப் பழகிய மை ஒரு கழுவலில் போகாது.

காதுக்குள் நீர்: கேலோரிக் சோதனை

தொகுப்பில் நோயாளிகள் அஞ்சுவது இதற்குத்தான். ராபர்ட் பாரானிக்கு 1914-க்கான நோபல் பரிசு கிடைத்த ஆய்வின் வழி வந்தது. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கவைத்தால் கிடைக்குழல் செங்குத்தாக நிற்கும். காதில் 44 டிகிரி நீரை விட்டால் குழலின் வெளிப்பக்க நீர் சூடாகி மேலே எழும்பித் திரையைத் தள்ளும். 30 டிகிரி நீர் விட்டால் எதிராக இறங்கும். உடம்பின் 37 டிகிரியிலிருந்து இரண்டும் ஏழேழு டிகிரி. ஒரு காதுக்கு இரண்டு வீதம் நான்கு முறை, நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி. நீருக்குப் பதில் காற்று விடும் கருவியும் உண்டு. அதில் வெப்பநிலை 24, 50 டிகிரி. (சூடான நீர் எழும்புவது மட்டுமே முழுக் காரணம் இல்லை என்பது 1983-இல் ஸ்பேஸ்லாப்-1 விண்வெளிப் பயணத்தில் தெரிந்தது: எடையற்ற நிலையிலும் விழியாட்டம் வந்தது.)

இதன் பலம், ஒவ்வொரு காதையும் தனித்தனியாகப் பார்ப்பது. கண் மெதுவாக நழுவும் வேகத்தை அளப்பார்கள். கணக்கு இப்படி: வலது காதில் சூட்டுக்கு வினாடிக்கு 22 டிகிரி, குளிருக்கு 20, கூட்டினால் 42. இடது காதில் 10, 8, கூட்டினால் 18. வித்தியாசம் 24, மொத்தம் 60. எனவே இடப்பக்கப் பலவீனம் 40 சதவீதம். பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் போனால்தான் கணக்கில் எடுப்பார்கள். அறிக்கையில் 18 சதவீதம் என்று போட்டு 'பலவீனம்' என்று எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

பிழைக்கு இடம் அதிகமுள்ள சோதனையும் இதுவே. ஒரு காதில் குறும்பி அடைத்திருந்தால் வெப்பம் உள்ளே போகாது, நல்ல காது பலவீனமாகத் தெரியும். ஆகவே நீர் விடும் முன் இரு காதையும் உள்ளே பார்த்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீர் விடவே கூடாது. இன்னொன்று, இருட்டில் கண்ணாடிக்குள் நோயாளி அரைத்தூக்கத்தில் ஆழ்ந்தால் ஆட்டம் சுருங்கிவிடும். நல்ல ஆடியாலஜிஸ்ட் (சோதனை செய்யும் செவித்திறன் நிபுணர்) அப்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்: ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள் என்று. நான்கு முறையும் எல்லாம் சுருங்கி வந்து 'இரு காதும் பலவீனம்' என்று அறிக்கை தந்தால், பேச்சுக் கொடுத்தார்களா, தலைசுற்றல் மாத்திரையை முன்பே நிறுத்தியிருந்தீர்களா என்று யோசிக்க வேண்டும்.

கேலோரிக் பார்ப்பது கிடைக்குழல் ஒன்றை, அதுவும் மிக மெதுவான அசைவுக்கு இணையான தூண்டலில். மற்ற நான்கு உணர்விடங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

தலையைச் சொடுக்கும் சோதனை: வி-ஹிட்

ஹால்மகியும் கர்த்தாய்சும் 1988-இல் விவரித்த கைச்சோதனையின் கேமரா வடிவம். ஒரு மீட்டர் தூரப் புள்ளியைப் பார்த்தபடி இருக்க, பின்னால் நிற்பவர் தலையை 10 முதல் 20 டிகிரி மட்டும், ஆனால் வினாடிக்கு 150 முதல் 200 டிகிரி வேகத்தில், எந்தப் பக்கம் என்று தெரியாதபடி சொடுக்குவார். காது நன்றாக இருந்தால் கண் புள்ளியிலேயே நிற்கும். கண் வேகத்தைத் தலை வேகத்தால் வகுத்தால் 'கெயின்'. கிடைக்குழலுக்கு 0.8-க்குக் கீழும், முன், பின் குழல்களுக்கு 0.7-க்குக் கீழும் போனால், அதோடு கண் தாமதமாகப் பாய்ந்து புள்ளியைப் பிடித்தால், அந்தக் குழல் பழுது. கையால் செய்யும்போது தெரியாத மறைந்த பாய்ச்சல்களையும் கேமரா பிடிக்கும்.

ஆறு குழல்களையும் பார்க்கும் ஒரே சோதனை இது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும், குமட்டல் குறைவு. ஆனால் கையின் திறமையைச் சார்ந்தது. கேமராக் கண்ணாடியின் பட்டை தளர்ந்தால் கண்ணாடி தலைக்கு முன்போ பின்போ நழுவி, கெயின் 1.2, 1.3 என்று ஏறும். அத்தனை நல்ல காது எவருக்கும் இல்லை. அது தளர்ந்த கண்ணாடியின் எண். சோதிப்பவரின் விரல் பட்டையில் பட்டாலும் இதே கதை. மெதுவாகத் தள்ளினால் பழுதான காதின் வேலையை மறுகாது செய்துகொடுத்துவிடும், பழுது மறையும். கழுத்து எலும்புத் தேய்மானம், கழுத்தில் அறுவை செய்தது, அண்மைக் காயம் இருந்தால் உட்காரும் முன்பே சொல்லுங்கள்.

கேலோரிக் மோசம், வி-ஹிட் நார்மல் என்று இரண்டும் முரண்பட்டால் கருவி தவறு என்று எண்ண வேண்டாம். ஒன்று மெதுவான அசைவையும் மற்றொன்று வேகமான அசைவையும் சோதிக்கின்றன. காது இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்து விட்டுவிட்டுச் சுற்றல் வரும் மெனியர் நோயில் இந்த முரண்பாடு அடிக்கடி வருவதால் அதுவே ஒரு துப்பு. ஜென்டாமைசினோ, காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினோ ஊசி போட்ட பிறகு, சுற்றல் இல்லாமல் நடக்கும்போது காட்சி குதிக்கிறது, இருட்டில் தள்ளாடுகிறது என்பவர்களுக்கு வி-ஹிட்தான் முதல் சோதனை. அந்த மருந்துகள் இரு காதின் நுண்முடிச் செல்களையும் ஒருசேரக் கெடுக்கக்கூடும். இரு பக்கமும் சமமாகக் கெட்டால் வித்தியாசமே இல்லை, அதனால் அறை சுற்றாது. கேலோரிக்கின் சதவீதக் கணக்கும் எதையும் காட்டாது.

வெம்ப்

சாக்யூலுக்கும் யூட்ரிக்கிளுக்கும் வழக்கமாகக் கிடைக்கும் சோதனை இது மட்டுமே. காதில் 500 ஹெர்ட்ஸ் உரத்த ஒலி கொடுத்து, கழுத்துத் தசையிலும் கண்ணுக்குக் கீழும் மின்சலனத்தை அளப்பார்கள். முன்னது சாக்யூல், பின்னது யூட்ரிக்கிள். கழுத்தைத் தூக்கிப் பிடித்திருந்தால்தான் அலை வரும். தளர்த்திவிட்டால் நல்ல சாக்யூலும் 'இல்லை' என்று வரும். அறுபதைத் தாண்டியவர்களுக்கும் நடுச்செவிக் கோளாறு உள்ளவர்களுக்கும் காற்றுவழி ஒலியில் அலை வராமல் போவது சகஜம். அதைப் பழுதாக எழுதிவிடக் கூடாது. உரத்த சத்தத்துக்குத் தலை சுற்றுகிறது, சொந்தக் குரல் காதுக்குள் முழங்குகிறது என்பவர்களுக்கு இது மிக முக்கியம்: முன்குழலின் மேல் எலும்பு திறந்திருந்தால் குறைந்த ஒலியிலேயே அலை வந்துவிடும். மற்றவர்களுக்குத் தொகுப்பில் இருந்தால் செய்துகொள்ளலாம், இதற்கென்று தனிக்காசு வேண்டாம்.

நுரைமெத்தை மேல் நிற்கவைத்து ஆட்டத்தை அளக்கும் மேடைக் கருவியும் சில இடங்களில் உண்டு. விழும் அபாயத்தை மதிப்பிடவும், பயிற்சி பலன் தருகிறதா என்று பார்க்கவும் உதவும். காரணம் காதா, காலா, கண்ணா என்று அது பிரித்துச் சொல்லாது.

போகும் முன்

சின்னாரிசின், ப்ரோகுளோர்பெரசின் போன்ற தலைசுற்றல் மாத்திரைகளை 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். பல இடங்களில் பீட்டாஹிஸ்டினையும் சேர்த்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். வலிப்பு, இதயம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடக் கூடாது. குளோனசிபாம் போன்றவற்றை நெடுநாள் எடுப்பவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மது இரண்டு நாளுக்குக் கூடாது. சோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் இட்லி போல் லேசாகச் சாப்பிடலாம். திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

கேட்கும் திறன் சோதனை இந்தத் தொகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருப்பது பாதிப் பதிலைத் தந்துவிடும்.

விடாமல் மணிக்கணக்கில் சுற்றுகிறது, கூடவே பார்வை இரட்டையாகிறது, நாக்கு குழறுகிறது, ஒரு பக்கம் மரத்துப்போகிறது, எழுந்து நிற்கவே முடியவில்லை என்றால் இந்த மையங்களுக்குப் போகவே கூடாது. நேராகப் பக்கவாத சிகிச்சை உள்ள அவசரப் பிரிவு. தொடர் சுற்றலில் தலைச்சொடுக்குச் சோதனை நார்மலாக வருவதுதான் கவலைக்குரியது. காது நரம்பு பழுதாகியிருந்தால் அது நார்மலாக வராது. வந்தால் சிறுமூளையையும் மூளைத்தண்டையும் பார்க்க வேண்டும்.

அறிக்கையை வாங்கும்போது சுருக்க வரியோடு வந்துவிடாதீர்கள். கேலோரிக்கின் நான்கு வரைகோடுகளும் நான்கு எண்களும், வி-ஹிட்டில் ஆறு குழல்களின் அலைப்படங்களும் அச்சில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் எத்தனை சொடுக்கு ஏற்கப்பட்டது என்ற எண்ணைப் பாருங்கள். இருபதுக்கு அருகில் இருந்தால் நன்று, நாலைந்துதான் என்றால் மறுபடி செய்யச் சொல்லலாம். படுக்கைச் சோதனையின் வீடியோவை மொபைலில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் அறிக்கையை ஒதுக்கி வைத்தாலும் அந்த வீடியோவைப் பார்ப்பார்.